தோழிக்கு முகப்பரு

என் அண்ணாவின் கலியாணத்துக்கு நாள் வைத்த அன்று, மண்டபத்தையோ சாப்பாட்டையோ பற்றிப் பேசுவதற்கு முன் என் முகத்தைப் பற்றிப் பேசினார்கள். நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பஞ்சாங்கம் விரித்தபடி கிடந்தது. வைகாசியில் ஒரு நல்ல சனிக்கிழமை கிடைத்த சந்தோஷத்தில் அம்மா எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, லில்லெஸ்ட்ரோமிலிருந்து ரயில் ஏறி, பிறகு மெட்ரோ மாறி வந்திருந்தார். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், தோழியாக யார் நிற்பது என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்வியே இல்லை அது. எங்கள் கலியாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதான் பெண்ணுக்குத் தோழி. பெண்ணை மணவறைக்குக் கூட்டிவருவது, கூறைச் சேலை மாற்றி அழைத்துவருவது, தாலி ஏறும்போது அவளுடைய பின்னலை ஒதுக்கிப் பிடிப்பது எல்லாம் தோழியின் வேலை. அதனால் தோழி இல்லாத படம் கலியாண ஆல்பத்தில் இருக்காது. என் அண்ணாவுக்கு இருப்பது ஒரே தங்கை. அது நான்தான்.

பெரியம்மா வேறு யோசனையோடு வந்திருந்தார். அவருடைய மகள் எங்களுக்குத் தங்கை முறை. பத்தொன்பது வயது, முகத்தில் ஒரு பொட்டுப் பரு கிடையாது. அவளை நிற்பாட்டினாலும் முறை பிசகாது. "நான் குறையாச் சொல்லேல்லைப் பிள்ளை. படம் எண்டது ஆயுசுக்கும் கிடக்கும். உந்த முகத்தோடை நிண்டுபோட்டு நாளைக்கு நீதான் பார்த்துக் கவலைப்படுவாய்."

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தாடையிலும் கன்னங்களிலும் பரு, நெற்றியில் பொடிப்பொடியாகக் கொஞ்சம், ஆறிய இடமெல்லாம் கரும்புள்ளி. முன்பொருமுறை குடும்ப வைத்தியரிடம் காட்டியிருந்தேன். லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது, சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் கிடைப்பதை முதலில் போட்டுப் பார், மூன்று மாதத்தில் குறையாவிட்டால் வா என்று அனுப்பிவிட்டார். நான் ஒன்றும் போட்டுப் பார்க்கவில்லை. பரு அதன் பாட்டில் இருந்தது, நான் என் பாட்டில் இருந்தேன். தொட்டால் நோகும், சிரித்தால் தாடை இழுக்கும். மற்றபடி எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் இருக்கவில்லை.

பெரியம்மா சொன்னது எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. அவர் அப்படித்தான். என்னைக் காட்டி, இவள்தானே நிற்பாள், இதில் என்ன கதை என்று அண்ணா கேட்டுவிட்டுத் தன் போனைப் பார்க்கப் போய்விட்டான். அம்மாவின் பதில்தான் என்னைச் சுட்டது. வைகாசிக்கு இன்னும் காலம் கிடக்கிறது, அதற்கிடையில் முகம் சரிவந்தால் நான் நிற்கலாம் என்று சொல்லிவிட்டு, தேநீர்க் கேத்தலைப் பார்த்துக்கொண்டு முடித்தார். "இல்லாட்டிப் பாப்பம்."

எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்றால் 'இல்லை' என்று பொருள். சிறுவயதில் நாய்க்குட்டி கேட்டபோதும் அம்மா அதைத்தான் சொன்னார். என் சொந்த அண்ணாவின் மணவறைக்கு ஏற நான் முகத்தில் பாஸ் எடுக்க வேண்டுமாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். அழவில்லை. பருவுக்கு மருந்து போடுவேன், ஏனென்றால் அது நோகிறது. பரு போனாலும் போகாவிட்டாலும் தோழியாக நிற்பேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கதை பரவ ஒரு வெள்ளிக்கிழமை போதும். அடுத்த முறை கோயிலுக்குப் போனபோது சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் எனக்கு வைத்தியராகிவிட்டார்கள். உடம்புச் சூடு என்றார் ஒருவர். கோழியை நிறுத்து, முட்டையை நிறுத்து, நல்லெண்ணெய் வைத்து முழுகு என்றார் இன்னொருவர். வெளியே பனி முழங்காலளவு கிடக்கிறது, எண்ணெய் வைத்து முழுகிவிட்டு நான் மெட்ரோவில் வேலைக்குப் போக வேண்டும். கலியாணம் கட்டினால் தானாகப் போய்விடும் என்றும் ஒருவர் சொன்னார். கலியாணம் கட்டியவர்களின் முகங்களையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. கையில் சர்க்கரைப் பொங்கல் இருந்ததால் பேசாமல் விட்டேன்.

பெரியம்மா வாயால் மட்டும் வைத்தியம் பார்ப்பவர் இல்லை. கனடாவுக்குப் போய்வந்தபோது வாங்கிய ஒரு பெரிய போத்தல் குளிசையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முடிக்கும் தோலுக்கும் நகத்துக்கும் ஒரேயடியாக நல்லதாம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அம்மா அதோடு நாகத்தையும் சேர்த்துத் தந்தார், யாரோ சொல்லி வாங்கிய சிங்க் மாத்திரை. இங்கே எல்லா வீட்டிலும் குளிர்காலத்தில் குடிக்கிற மீனெண்ணெயும் ஒரு கரண்டி. முதல் நாள் நாகத்தை வெறுவயிற்றில் போட்டுவிட்டு மெட்ரோ ஏறினேன். பாதிவழியில் குமட்டி, இறங்கி, மேடையில் குந்திக்கொண்டு இருந்தேன். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும் என்று போத்தலில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் போத்தலில் இருப்பதை யார் வாசிக்கிறார்கள்?

மருந்துக் கடைக்கு நானாகப் போனேன். அங்கே நின்ற நோர்வே நாட்டுப் பெண்ணிடம் கேட்டு பென்சாயில் பெராக்சைட் கிரீம் ஒரு ரியூப் வாங்கினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மெல்லிசாக, மேலே வாசனையில்லாத ஈரக்கிரீம், மாதக்கணக்கில் பொறுமை என்று அந்தப் பெண் சொன்னார். நான் தலையாட்டினேன். வாசலுக்குப் போகும் வழியில் இருந்த அலமாரித் தட்டிலிருந்து பருவுக்கான அமிலத் திரவம் ஒன்றும், உரசிக் கழுவுகிற ஜெல் ஒன்றும் என்பாட்டில் எடுத்தேன். வைகாசி வந்துகொண்டிருந்தது. பொறுமைக்கு எங்கே நேரம்?

காலையும் மாலையும் போட்டேன். எல்லாவற்றையும் போட்டேன். கிரீம் பெட்டிக்குள் இருந்த தாளில், தோல் அளவுக்கு மீறிச் சிவந்தால் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தது. அதை மட்டும் ஒழுங்காக வாசித்தேன். ஒவ்வொரு நாளும் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சிவக்கவில்லை. அப்படியானால் தோல் தாங்குகிறது என்று இன்னும் கொஞ்சம் தடித்துப் பூசினேன். எரிந்தது. மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். வெளியே போனால் குளிர்காற்று கன்னத்தை மிளகாய் அரைத்துப் பூசினதுபோலக் கடித்தது. வாயோரம் வெடித்து, மூக்கடியில் செதிள் செதிளாக உரிந்து, கன்னம் இரண்டும் சாம்பலும் கறுப்புமாகப் போன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

என் தோல் சிவக்காது. அந்தத் தாளை எழுதியவர்கள் தங்கள் தோலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். என்னுடையது மண்ணிறத் தோல், புண்பட்டால் கறுக்கும். கன்னம் கறுத்து எரிந்துகொண்டிருந்தபோது, நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று வராத சிவப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டிலேயே படித்து, முகத்தை மட்டும் அவர்களுடைய முகம் என்று நினைத்துக்கொண்டு வாசித்திருக்கிறேன். அன்று எனக்கு என்மேல் வந்த கோபத்தைவிட அந்தத் தாள்மேல் வந்த கோபம் பெரிது. கசக்கிக் குப்பையில் போட்டேன்.

நான் வேலை செய்வது ஒரு பாலர் பராமரிப்பு நிலையத்தில். பெரியவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அந்தக் கிழமை, பனிச்சப்பாத்தை மாட்டிவிட நான் குனிந்தபோது நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒன்று என் கன்னத்தை உற்றுப் பார்த்துவிட்டு, நோகுதா என்று கேட்டது. ஓம், கொஞ்சம் நோகுது என்றேன். சரி என்று தன் மற்றக் காலை நீட்டியது. வீட்டிலும் கோயிலிலும் இத்தனை பேர் என் முகத்தைப் பற்றிக் கதைத்தார்கள். நோகுதா என்று அவள் ஒருத்திதான் கேட்டாள்.

எல்லாவற்றையும் நிறுத்தினேன். முகத்துக்குத் தண்ணீரும் ஈரக்கிரீமும் மட்டும். தோல் ஆறும்வரை காத்திருந்து, மருந்துக் கடைப் பெண் சொன்னபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு பயறளவு, அவ்வளவுதான். சிவக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். எரிந்தாலோ, இழுத்தாலோ, கறுத்தாலோ ஒரு நாள் ஓய்வு. அமிலத் திரவத்தையும் உரசுகிற ஜெல்லையும் அண்ணாவிடம் கொடுத்தேன். அவன் ஜெல்லால் சப்பாத்துக் கழுவினான்.

பெரியம்மாவின் குளிசைப் போத்தலையும் அப்போதுதான் எடுத்து வாசித்தேன். பி வகை விற்றமின்கள் ஒரு நாளுக்குத் தேவையானதைவிடப் பலமடங்கு அதில் இருந்தன. சிலருக்கு இது கூடினால் பருவும் கூடும் என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். எனக்கும் அதனால்தான் கூடியது என்று அடித்துச் சொல்ல நான் வைத்தியர் இல்லை. ஆனால் அதை விழுங்கத் தொடங்கிய பிறகு நெற்றி நிறையப் பரு போட்டது, விட்ட பிறகு அடங்கியது. நாகத்தைச் சாப்பாட்டோடு கொஞ்சக் காலம் எடுத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, விட்டேன். மீனெண்ணெயைக் குடித்துக்கொண்டிருக்கிறேன், அது பருவுக்கல்ல, வெயிலே காணாத குளிர்கால இருட்டுக்கு.

கிரீம் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டதோடு வீட்டுத் துணிகளையும் பிடித்தது. அது படுகிற நிறத்துணியெல்லாம் வெளுத்துவிடும். அம்மாவின் நீலத் தலையணை உறைகளில் செம்மஞ்சளாகத் திட்டுத் திட்டாக வந்தது. துவாய்களும் அப்படியே. சலவைத்தூள் சரியில்லை என்று அம்மா இரண்டு விதம் மாற்றிப் பார்த்தார். கடைசியில் உண்மை தெரிந்து, இனி இரவில் இதைப் பூசிக்கொண்டு என் தலையணையில் படுக்காதே என்று சட்டம் போட்டார். அன்றிலிருந்து காலையில் பூசினேன். துடைக்க வெள்ளைத் துவாய் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

பெரியம்மா ஞாயிறு தோறும் பரிசோதனைக்கு வந்தார். சமையலறை வெளிச்சத்தில் என் நாடியைப் பிடித்து, கடையில் கத்தரிக்காய் பொறுக்குவதுபோல முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்ப்பார். குறைந்திருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. இன்னும் இருக்கிறது என்றுதான் சொல்வார். பங்குனிக்குள் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. நோவும் போய்விட்டது. சிரித்தால் தாடை இழுக்கவில்லை. எனக்கு அது போதும். தாடையில் இடைக்கிடை ஒன்றிரண்டு முளைக்கும், பழைய கரும்புள்ளிகள் மெல்ல மெல்லத்தான் மங்கும், அது கலியாண நாளைப் பார்த்து நடக்காது.

கலியாணத்துக்குக் கொஞ்ச நாட்கள் இருக்க, பெரியம்மா தன் மகளுக்குத் தோழிச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டார் என்று தெரியவந்தது. அந்தப் பிள்ளைதான் எனக்குச் செய்தி அனுப்பினாள், தனக்கு இதில் விருப்பமில்லை, அம்மாவிடம் சொல்லப் பயம் என்று. அந்த ஞாயிறு பெரியம்மா வந்து நாடியைப் பிடிக்கக் கையை நீட்டியபோது நான் முகத்தைக் கொடுக்கவில்லை.

"நான்தான் நிப்பன், பெரியம்மா. பரு போகாட்டியும் நிப்பன். கூடப்பிறந்த தங்கச்சியைத்தான் தோழியா நிக்கச் சொல்லுறது, முகத்தை இல்லை."

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு 'பாப்பம்' வந்தால் அந்தக் கலியாணத்துக்கே போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். அம்மா கத்தியைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்தார். அந்த எரிந்துபோன கன்னத்தோடு இவள் பனியில் வேலைக்குப் போய்வந்ததைத் தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு தமக்கையிடம் திரும்பினார்.

"அக்கா, அவள்தான் நிப்பாள். இனி இதைக் கதைக்க வேண்டாம்."

பெரியம்மா ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று எழும்பினார். மீன்குழம்பு சாப்பிடாமல் அவர் போனது அதுதான் முதல் தடவை.

கலியாண நாள் காலை, மண்டபத்தில் பெண்ணுக்கு ஒதுக்கிய அறையில் இருந்தேன். மணப்பெண் வெஸ்ட்லியில் வளர்ந்த பிள்ளை, என் மச்சாள் ஆகப்போகிறவள். அவளுக்குத் தலை அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. நான் வழமைபோலக் கிரீமைப் பூசிவிட்டு, புதிதாகத் தாடையில் முளைத்த ஒன்றுக்குக் கொஞ்சம் தாராளமாக வைத்திருந்தேன். பெரியம்மா உள்ளே வந்தார். கரும்பச்சைக் காஞ்சிபுரம், அன்றைக்கென்றே எடுப்பித்தது. கோபம் ஆறியிருந்தது, ஆனால் கண் என் தாடையில்தான் நின்றது. என்ன இது வெள்ளையாகக் கிடக்கிறது, மேக்கப் ஒட்டாது என்று சொல்லிக்கொண்டே சேலைத்தலைப்பைக் கையில் சுற்றினார்.

"துடையாதேங்கோ பெரியம்மா. அது பட்டால் சேலை வெளுக்கும்."

"எனக்கு நீ படிப்பிக்காதை," என்று சொல்லி, என் நாடியைப் பிடித்து, தாடையையும் இரண்டு கன்னத்தையும் நன்றாக அழுத்தித் துடைத்துவிட்டார்.

சொன்னேன். கேட்கவில்லை. அதற்குமேல் நான் என்ன செய்ய? மேக்கப் போடும் பெண், பூச்சைத் தடித்துப் போட்டால் ஒன்றும் தெரியாது என்றாள். கண்ணுக்கு மை, நெற்றிக்குப் பொட்டு, அது போதும் என்றேன். கதிரையில் இருந்த மணப்பெண் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்து, நல்லாயிருக்கு மச்சாள், அப்படியே வாங்கோ என்றாள்.

மணவறைக்கு அவளை நான்தான் கூட்டிப்போனேன். மேளம் உச்சத்துக்கு ஏறியபோது அவளுடைய பின்னலை ஒதுக்கிப் பிடித்தேன். கமரா வெளிச்சம் முகத்தில் அடித்தது. அண்ணா போட்ட முதல் முடிச்சு விழவில்லை, மறுபடி முயன்றான். இவ்வளவு கிட்டத்தில் நின்று அதைப் பார்த்தது நான். அந்த நிமிடத்தில் என் தாடையில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவே இல்லை. சந்தோஷத்தில் வாய் முழுக்கச் சிரித்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் பெரியம்மாவின் சேலைத்தலைப்பில் உள்ளங்கையகலத்துக்கு மஞ்சள் பூத்திருந்தது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு சின்னத் திட்டுகள். முதலில் மண்டபத்துக் கழிப்பறைச் சோப்பைத் திட்டினார். பிறகு சேலைக் கடைக்காரனைத் திட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பாயசத்தைப் பார்த்தேன். தனது தலையணை உறைகளும் அப்படித்தான் போனதென்று அம்மா ஆறுதல் சொல்லப் போய், ஆறுதலாக இல்லாமல் திரும்பி வந்தார்.

ஆல்பம் ஆடி மாதம் வந்தது. முதல் பக்கத்தைத் திருப்பியதும் நான் என்னைத் தேடினேன். என் சேலை இருந்தது, என் மூக்குத்தி இருந்தது, நடுவில் யாரோ ஒருத்தி. பருவுமில்லை, புள்ளியுமில்லை, கன்னம் மாவுருண்டை மாதிரி. நிறத்தையும் இரண்டு படி வெளுப்பாக்கியிருந்தார்கள். பெரியம்மாவின் சேலையிலும் திட்டு இல்லை. எல்லாம் ஒரே கரும்பச்சை. இதற்காகவா நான் அந்தக் குளிர்காலம் முழுக்க அடம்பிடித்தேன் என்று வயிறு எரிந்தது. படக்காரருக்கு அப்போதே போன் எடுத்தேன். எல்லாருக்கும் இப்படித்தான் செய்து கொடுப்போம் தங்கச்சி, இதற்குத் தனியாகக் காசு எடுப்பதில்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார். என்னுடைய முகத்தை எனக்குத் திருப்பித் தாருங்கள் என்றேன். அவருக்கு விளங்க நேரம் எடுத்தது.

திருப்பித் தந்தார். தாலி கட்டும் படம், பெரிதாக, எதையும் தொடாமல். தாடையில் மூன்று பரு, கன்னத்தில் புள்ளிகள், என் நிறம், வாய் கொள்ளாச் சிரிப்பு. ஓரத்தில் பெரியம்மா அட்சதையோடு நிற்கிறார், தோளைச் சுற்றிப் போட்ட தலைப்பில் அப்போதே பூத்துவிட்ட மஞ்சள் திட்டும் தெளிவாகத் தெரிகிறது. அம்மா அதை வாங்கிப் பார்த்தார். சுத்தியலை எடுத்துவந்து, வாசலுக்கு நேரே, யார் உள்ளே வந்தாலும் முதலில் கண்படுகிற இடத்தில் ஆணியடித்து மாட்டினார்.

அடுத்த ஞாயிறு பெரியம்மா வந்தார். சப்பாத்தைக் கழற்றக்கூட இல்லை, படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். தன் தோளைப் பார்த்தார், பிறகு என் தாடையைப் பார்த்தார். விரலை நீட்டிப் படத்தின் கண்ணாடியில் அந்த இடத்தை மெல்ல உரசினார்.

"உதைக் கொஞ்சம் துடைச்சு எடுப்பிச்சிருக்கலாம், பிள்ளை."

"உது என்ரை முகம், பெரியம்மா. துடைக்க வெளிக்கிட்டால் உங்கடை சேலைதான் வெளுக்கும்."